ஷேல் எரிவாயுக் கழிவுநீரும் பாக்டீரியாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2017இல் நெடுவாசல் போராட்டம் நடந்த நாட்களிலிருந்து ஒரே கேள்வியைப் பலர் பல விதமாகக் கேட்கிறார்கள்: "ஃப்ராக்கிங் தண்ணீரை பாக்டீரியா விட்டே சுத்தம் பண்ணிடலாமாமே, அப்புறம் என்ன பயம்?" ஃப்ராக்கிங் என்பது நீரை அழுத்திச் செலுத்திப் பாறையை விரிசல் விட வைத்து எரிவாயு எடுக்கும் முறை. எண்ணெய்க் கசிவைத் தின்னும் நுண்ணுயிர்களைப் பற்றிய செய்திகளைப் படித்தவர்களுக்கு இப்படித் தோன்றுவது இயல்புதான். பாக்டீரியா செய்யும் வேலை உண்மையானது, மலிவானது, பெரியது. ஆனால் அந்த வேலை எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால் ஓர் ஆற்றையே கெடுத்துவிடலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அதுதான் நடந்தது. இந்தப் பக்கத்தில் உள்ள பதில்களில் பெரும்பாலானவை அந்த மாநிலத்தின் மார்செல்லஸ் ஷேல் பாறையைச் சுற்றியே இருக்கும்.

இந்தக் கழிவுநீர் எப்படி உண்டாகிறது?

ஷேல் என்பது களிமண் இறுகி உருவான பாறை. எரிவாயு அதற்குள் சிறைப்பட்டிருக்கும். மார்செல்லஸில் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் ஆழம் துளைத்து, பிறகு கிணற்றைக் கிடைமட்டமாகத் திருப்பி, மணலும் ரசாயனங்களும் கலந்த நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்திப் பாறையை விரிசல் விட வைக்கிறார்கள். தொடக்க காலத்தில் ஒரு கிணற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு கோடி லிட்டர் நீர் பிடித்தது. கிடைமட்டக் கிணறுகள் நீள நீள இன்று அதைவிடக் கூடுதலாகவே ஆகிறது.

அழுத்தத்தைத் தளர்த்தியதும் அதில் ஒரு பங்கு மேலே திரும்பி வருகிறது. முதல் சில வாரங்களில் வருவதைத் திரும்பு நீர் என்றும், கிணறு எரிவாயு தரும் ஆண்டுகள் முழுவதும் வாயுவோடு சேர்ந்து வருவதை உற்பத்தி நீர் என்றும் சொல்கிறார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

அதில் என்னதான் இருக்கிறது?

முதலாவது உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு. மார்செல்லஸ் உற்பத்தி நீரில் 1 லட்சம் மி.கி.யைத் தாண்டுவது சாதாரணம், 2 லட்சத்துக்கு மேலும் போகும். 39 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் மிச்சம் அது. சமையல் உப்பு மட்டுமல்ல. கால்சியம், பேரியம், ஸ்ட்ரான்ஷியம், புரோமைடு எல்லாம் சேர்ந்தது. சீனாவின் சிச்சுவான் படுகையில் வரும் நீரின் உப்பு பெரும்பாலும் கடல்நீரை ஒட்டியோ அதற்குக் கீழோதான். இந்த ஒரு வேறுபாட்டினால், அங்கே ஓடும் ஒரு தொழில்நுட்பம் மார்செல்லஸில் படுத்துவிடும்.

இரண்டாவது, பாறையிலிருந்து வரும் இயற்கைக் கதிரியக்கம், குறிப்பாக ரேடியம். அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் 2011இல் வெளியிட்ட தொகுப்பில் மார்செல்லஸ் மாதிரிகளின் நடுமதிப்பு லிட்டருக்கு 2,460 பிகோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). குடிநீருக்கு அந்நாட்டில் அனுமதிக்கப்பட்ட அளவு 5.

மூன்றாவது, கரிமப் பொருள்கள். பாறையிலிருந்து பென்சீன், டொலுவீன் போன்றவை வருகின்றன. மேலிருந்து நாம் செலுத்தியவற்றில் குவார் பசை, பாலிஎத்திலீன் கிளைக்கால், பாலிஅக்ரிலமைடு, சோப்பு வகைகள், குளூட்டரால்டிஹைடு போன்ற உயிரிக்கொல்லிகள் (கிணற்றில் பாக்டீரியா வளராமல் தடுப்பவை) இருக்கின்றன. இவற்றோடு அம்மோனியமும் உண்டு. சில கிணறுகளில் அது லிட்டருக்கு 100 மி.கி.யைத் தாண்டும்.

பாக்டீரியாவின் வேலை இந்த மூன்றாவது கூட்டத்தோடு மட்டும்தான்.

பாக்டீரியா எதை விரும்பித் தின்னும்?

குவார் பசையை. குவார் என்றால் வேறொன்றுமில்லை, நம் வீட்டுக் கொத்தவரங்காய்தான். தெற்கே சீனி அவரைக்காய் என்பார்கள். அதன் விதையிலிருந்து எடுக்கும் பசை தண்ணீரைக் கெட்டியாக்கி, மணலைச் சுமந்துகொண்டு விரிசலுக்குள் போக வைக்கிறது. உலகக் குவாரில் பெரும்பங்கு இந்தியாவில், அதிலும் ராஜஸ்தானில் விளைகிறது. அமெரிக்க ஃப்ராக்கிங் வேகமாகப் பெருகிய 2012இல் ராஜஸ்தானில் குவார் விலை தாறுமாறாக ஏறியது.

வேதியியலாகப் பார்த்தால் அது மேனோஸ், கேலக்டோஸ் என்ற இரண்டு சர்க்கரைகளின் நீண்ட சங்கிலி. சர்க்கரை என்றால் பாக்டீரியா விடுமா? நொதிகளை வெளியே சுரந்து சங்கிலியை அறுத்து, துண்டுகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். அசிடேட் போன்ற சிறு அமிலங்களும் மெத்தனால், ஐசோபுரோபனால் போன்ற ஆல்கஹால்களும் இதைவிட எளிது. பாலிஎத்திலீன் கிளைக்கால் கொஞ்சம் காலம் எடுக்கும். பென்சீனும் டொலுவீனும் ஆக்சிஜன் இருந்தால் சிதையும்.

பாலிஅக்ரிலமைடு மட்டும் அடம்பிடிக்கும். அதிலுள்ள நைட்ரஜனைப் பிய்த்தெடுக்கும் பாக்டீரியா உண்டு. ஆனால் கரிமச் சங்கிலியின் முதுகெலும்பு உடைவது அபூர்வம்.

எதைத் தொடவே தொடாது?

உப்பை, பேரியத்தை, புரோமைடை, ரேடியத்தை. ரேடியம் ஒரு தனிமம். அதைச் சிதைக்கும் உயிர் உலகில் இல்லை. ரேடியம்-226இன் அரையாயுள் 1,600 ஆண்டுகள்.

அப்படியானால் ஊர்க் கழிவுநீர் நிலையத்துக்கே அனுப்பி, வீட்டுக் கழிவோடு கலந்துவிட்டால் உப்பும் நீர்த்துப்போகுமே?

இதைத்தான் பென்சில்வேனியாவில் செய்தார்கள். மார்செல்லஸ் வேகமெடுத்த 2008 வாக்கில், டேங்கர் லாரிகள் இந்த நீரை நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையங்களில் கொண்டுபோய் ஊற்றின. அந்த நிலையங்களில் இருந்ததெல்லாம் வீட்டுக் கழிவைத் தின்னப் பழகிய பாக்டீரியா. கரிமப் பொருளில் ஒரு பகுதி குறைந்தது. உப்பும் புரோமைடும் உள்ளே போன அளவிலேயே வெளியேறி ஆற்றில் கலந்தன.

2008 இலையுதிர் காலத்தில் மோனங்கஹீலா ஆற்றில் கரைந்த உப்பின் அளவு குடிநீர் வரம்பைத் தாண்டியது. ஆற்றில் தண்ணீர் குறைந்திருந்ததும் பழைய நிலக்கரிச் சுரங்கங்களின் கசிவும் அதற்குப் பெரிய காரணங்கள், எல்லாப் பழியையும் எரிவாயுக் கிணறுகள் மேல் போட முடியாது. ஆனால் புரோமைடு விஷயம் வேறு. ஆற்றின் கீழ்ப்பகுதியில் குடிநீர் நிலையங்கள் கிருமி நீக்கத்துக்குக் குளோரின் கலக்கும்போது, புரோமைடு இருந்தால் புரோமின் கலந்த டிரைஹாலோமீத்தேன்கள் உருவாகும். இவற்றில் சில புற்றுநோய் ஆபத்தோடு தொடர்புடையவை. வெறும் உப்பாக ஆற்றுக்குள் போனது, குழாயில் வரும்போது வேறொன்றாக வந்தது.

2011 ஏப்ரல் மாதம் மாநிலச் சுற்றுச்சூழல் துறை, இந்த நிலையங்களுக்கு நீர் அனுப்புவதை நிறுத்தும்படி நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. 2016 ஜூனில் அமெரிக்க மத்திய சுற்றுச்சூழல் முகமை, ஷேல் போன்ற மரபுசாராக் கிணறுகளின் கழிவுநீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்பவே கூடாது என்று விதி கொண்டுவந்தது.

இன்னொரு தகவலையும் இங்கே சொல்லியாக வேண்டும். உப்புநீரை மட்டுமே கையாண்ட ஒரு தொழிற்சாலை நிலையம் மேற்குப் பென்சில்வேனியாவில் பிளாக்லிக் என்ற ஓடையில் நீரை விட்டுக்கொண்டிருந்தது. டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெளியேற்றுக் குழாய்க்கு அருகே ஓடையின் வண்டலில் இருந்த ரேடியம், குழாய்க்கு மேல்பகுதி வண்டலில் இருந்ததைப்போல் சுமார் 200 மடங்கு. தண்ணீர் ஓடிவிடும், வண்டல் அங்கேயே தங்கும்.

உப்பு ஏன் பாக்டீரியாவைக் கொல்கிறது?

மாவடு போட்டவர்களுக்குத் தெரியும். உப்புக்குள் போட்ட மறுநாளே வடு சுருங்கி, ஜாடியில் தண்ணீர் நிற்கும். உயிரணுவுக்கு உள்ளே உப்பு குறைவு, வெளியே அதிகம் என்றால் தண்ணீர் வெளியே ஓடிவிடும். பாக்டீரியாவுக்கும் அதே கதிதான்.

பாக்டீரியாவை வளர்க்கும் சுத்திகரிப்புத் தொட்டியில் இது எப்படித் தெரியும் என்றால், முதலில் நீர் கலங்கும். தனித்துத் திரியும் பாக்டீரியாவை மேய்ந்து நீரைத் தெளிவாக வைத்திருப்பவை புரோட்டோசோவாக்கள் என்ற ஒற்றைச் செல் உயிர்கள். உப்பு ஏறினால் முதலில் சாகும் கூட்டத்தில் அவையும் உண்டு. அடுத்து, உப்புநீரின் அடர்த்தி கூடுவதால், பாக்டீரியா திரண்ட கசடு அடியில் படியாமல் மிதந்து வெளியேறும். மூன்றாவது, உப்புநீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். கடல்நீர் அளவு உப்பிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதே ஊதுகுழாய், அதே மின்கட்டணம், கிடைக்கும் காற்றோ குறைவு.

அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா இவர்கள் எல்லாரையும்விட மென்மையானது. மெதுவாக வளரும், சீக்கிரம் சாகும்.

பழக்கினால் பழகாதா?

பழகும். வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். குறைந்த உப்பில் தொடங்கி, கரிம நீக்கம் நிலைப்பட்ட பிறகே அடுத்த படிக்கு ஏற்ற வேண்டும். இந்த ஏற்றத்தில் சாதாரண இனங்கள் மெல்ல மறைந்து, உப்பை விரும்பும் இனங்கள் மேலெழும். மரினோபேக்டர் போன்றவை கிளைசின் பீட்டெய்ன், எக்டோயின் போன்ற பொருள்களைச் செல்லுக்குள் சேர்த்து வெளி உப்புக்கு ஈடுகட்டுகின்றன. இன்னும் சில, பொட்டாசியத்தையே உள்ளே நிரப்பிக்கொண்டு உப்போடு உப்பாக வாழ்கின்றன.

ஆனால் நிலையான அதிக உப்பைவிட, ஏறி இறங்கும் உப்பு கொடியது. லிட்டருக்கு 60,000 மி.கி. உப்பில் பழகிய கசட்டுக்கு ஒரு நாள் 20,000 மி.கி. உள்ள நீர் வந்தால் செல்கள் தண்ணீரை உறிஞ்சி வெடிக்கும். பல கிணறுகளிலிருந்து லாரி லாரியாக நீர் வரும் இடத்தில் இதுதான் அன்றாடத் தலைவலி. வரும் நீரையெல்லாம் முதலில் கலந்து ஒரே அளவாக்கும் பெரிய சமன்படுத்தும் தொட்டி கட்டாமல் பாக்டீரியாவைப் பற்றிப் பேசுவதே வீண்.

எந்த வகைத் தொட்டி இதற்குப் பொருந்தும்?

கசட்டை மிதக்க விட்டு, பிறகு படிய வைக்கும் வழக்கமான முறையைவிட, பாக்டீரியா எதிலாவது ஒட்டி வளரும் முறைகள் எனக்கு நம்பகமாகத் தெரிகின்றன. ஒட்டிய படலத்தில் உள்ளடுக்குகள் அதிர்ச்சியிலிருந்து தப்பும், படிய வைக்கும் தொல்லையும் இல்லை. கொலராடோ சுரங்கப் பல்கலைக்கழகத்தில், துகள் கார்பன் நிரப்பிய உயிரிவடிகட்டியில் இந்த நீரை விட்டுக் கரைந்த கரிமத்தில் பெரும்பகுதியை நீக்கிக் காட்டினார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு 2015இல், பாக்டீரியாவும் பாசியும் பாய் போலப் பின்னி வளர்ந்த படலம், லிட்டருக்கு 90,000 மி.கி.க்கு மேற்பட்ட உப்பிலும் கரிமத்தைச் சிதைப்பதைப் பதிவு செய்தது. வேகம் மிகக் குறைவு. ஆனாலும் அந்த உப்பில் உயிர் வேலை செய்கிறது என்பதே எனக்குப் பெரிய செய்தி.

சவ்வு பொருத்திய உயிரித்தொட்டியும் உண்டு. படியாத கசட்டைச் சவ்வு தடுத்து நிறுத்திவிடும். ஆனால் சவ்வு அடைத்துக்கொள்ளும், அது வேறு செலவு.

எந்தத் தொட்டியானாலும் பாஸ்பரஸ் சேர்த்தாக வேண்டும். நைட்ரஜன் இந்த நீரிலேயே இருக்கும். பாஸ்பரஸ் கிட்டத்தட்ட இருக்காது.

உயிரிக்கொல்லியையும் சேர்த்துத்தானே கிணற்றில் விடுகிறார்கள்? அது மேலே வந்து தொட்டியைக் கொல்லாதா?

குளூட்டரால்டிஹைடு, மருத்துவமனைகளில் கருவிகளைத் தூய்மையாக்கப் பயன்படும் அதே பொருள்தான். கிணற்றின் சூட்டில் அதில் ஒரு பகுதி தன்னோடு தானே பிணைந்து செயலிழக்கும். மிச்சம் குறைந்த அளவில் வந்தால் பழகிய கசடு அதையும் தின்னும். முதல் நாட்களின் திரும்பு நீர் நேராகத் தொட்டிக்கு வரும்போதுதான் ஆபத்து. சமன்படுத்தும் தொட்டி இதற்கும் சேர்த்துத்தான்.

அப்படியென்றால் பாக்டீரியாவுக்கு வேலை எந்த இடத்தில்?

இரண்டு இடங்கள்.

ஒன்று, சவ்வுகளுக்கு முன்னால். ஆர்ஓ சவ்வு உப்பை நீக்கும், ஆனால் குவார் மிச்சமும் எண்ணெயும் அதன்மேல் பசைபோல் படிந்து அடைத்துவிடும். பாக்டீரியா அவற்றை முன்கூட்டியே தின்றுவிட்டால் சவ்வு நீண்ட நாள் உழைக்கும். உப்பு கடல்நீர் அளவிலோ அதற்குக் கீழோ இருக்கும் சிச்சுவான் போன்ற இடங்களுக்கு இது பொருந்தும். செறிவு லிட்டருக்கு 70,000 மி.கி.யை நெருங்கினாலே சாதாரண ஆர்ஓவால் தள்ள முடியாது. மார்செல்லஸ் உற்பத்தி நீர் அந்த எல்லையை எப்போதோ கடந்தது.

இரண்டாவது இடத்தைப் பலர் நினைப்பதில்லை: வடித்தலுக்குப் பின்னால். மிகை உப்பு நீரைக் காய்ச்சி ஆவியாக்கி வடித்தால் உப்பும் ரேடியமும் கீழே நின்றுவிடும். ஆனால் மெத்தனாலும் அம்மோனியாவும் ஆவியோடு ஏறி வடிநீரில் வந்து சேரும். அந்த வடிநீரில் உப்பே இல்லை, பாக்டீரியாவுக்கு உகந்த எளிய உணவு மட்டும் இருக்கிறது. சாதாரணக் கசடே போதும், பழக்கும் வேலை மிச்சம். உப்போடு மல்லுக்கட்டுவதைவிட, உப்பு போன பிறகு பாக்டீரியாவை அழைப்பது எனக்கு நல்ல வடிவமைப்பாகப் படுகிறது.

திரும்பு நீரையும் உற்பத்தி நீரையும் பிரித்துப் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான். முதல் நாட்களில் வருவதில் கரிமம் அதிகம், உப்பு ஒப்பீட்டளவில் குறைவு. பிறகு உப்பு ஏறும், கரிமம் இறங்கும். பாக்டீரியாவுக்கு ஏற்றது முந்தையது. இரண்டையும் ஒரே குட்டையில் கலந்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

"சிஓடி 90 சதவீதம் நீக்கம்" என்று அறிக்கையில் இருந்தால் நம்பலாமா?

கொஞ்சம் நில்லுங்கள். சிஓடி என்பது நீரிலுள்ள கரிமத்தை ரசாயனத்தால் ஆக்சிஜனேற்றி அளக்கும் சோதனை. அந்தச் சோதனையில் குளோரைடும் ஆக்சிஜனேற்றம் அடைந்து கணக்கில் சேர்ந்துவிடும். அதைத் தடுக்க மெர்க்குரிக் சல்பேட் போடுவார்கள், ஆனால் குளோரைடு லிட்டருக்கு 2,000 மி.கி.யைத் தாண்டினாலே வழக்கமான சோதனை தடுமாறும். இங்கே இருப்பதோ பல பத்தாயிரங்கள். ஆகவே கரைந்த கரிம கார்பன் எவ்வளவு என்று கேளுங்கள். பாக்டீரியாவைக் கொண்டு கரிமத்தை அளக்கும் பிஓடி சோதனையில் நேர்மாறான பிழை வரும்: உப்புக்குப் பழகாத விதை பாக்டீரியாவைப் போட்டால் அவை செத்துவிடும், "சிதையக்கூடிய கரிமமே இல்லை" என்று தாள் சொல்லும்.

இன்னொன்றும் கேளுங்கள். பென்சீன் எங்கே போனது? காற்று ஊதும் தொட்டியில் பென்சீனும் டொலுவீனும் குமிழிகளோடு ஏறிப் பறந்துவிடும். தண்ணீரில் அளந்தால் காணோம். பாக்டீரியா தின்றதா, பக்கத்தில் நிற்கும் தொழிலாளி சுவாசித்தாரா என்பது தொட்டியின் மேல் காற்றை அளந்தால்தான் தெரியும். இதை அளக்காத அறிக்கையை நான் முழுமையானதாக ஏற்க மாட்டேன்.

நாணல் படுகை போதாதா?

ஓமன் நாட்டின் நிம்ர் எண்ணெய் வயலில், ஒரு நாளைக்கு 1 லட்சம் கன மீட்டருக்கும் மேற்பட்ட நீரைப் பாலைவனத்தில் நாணல் படுகைகள் வழியாக ஓட விட்டு எண்ணெயை நீக்குகிறார்கள். நாணலின் வேர்களைச் சுற்றி வாழும் பாக்டீரியாதான் உண்மையில் வேலை செய்பவை. பார்க்க அழகானது, மின்சாரமும் அதிகம் தேவையில்லை. ஆனால் அந்த நீரின் உப்பு கடல்நீரைவிட மிகக் குறைவு, நிலமும் அங்கே ஏராளம். மார்செல்லஸ் நீரில் நாணல் ஒரு வாரம் தாங்காது.

மிஞ்சும் கசடு?

பாக்டீரியாவின் உடலிலும் அவை சுரக்கும் பசையிலும் உலோகங்கள் ஒட்டிக்கொள்ளும், ரேடியமும் சேரும். அதனால்தான் முன்கூட்டியே சல்பேட் சேர்த்துப் பேரியத்தையும் ரேடியத்தையும் சேர்த்தே படிய வைத்து எடுத்துவிடுவது நல்லது. அப்படிச் செய்தால் கதிரியக்கம் ஒரே இடத்தில் சிறு அளவில் குவியும், உயிரிக் கசடு தப்பிக்கும். அந்தக் குவியலைக் கதிரியக்கக் கழிவாகவே கையாள வேண்டும். வயலில் எருவாகப் போடும் பேச்சே கூடாது.

பாறைக்குள்ளேயே பாக்டீரியா வாழ்கிறதா?

ஆம். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் தலைமையிலான குழு 2016இல், விரிசல் விட்ட ஷேல் கிணறுகளில் வாழும் ஒரு புதிய பேரினத்தைக் கண்டறிந்து ஃப்ராக்கிபேக்டர் என்று பெயரிட்டது. அதோடு ஹாலனேரோபியம் என்ற உப்பு விரும்பியும் அங்கே செழிக்கிறது. அது ஆக்சிஜன் இல்லாமலே குவாரைப் புளிக்க வைத்து அமிலமாக்கும், கூடவே ஹைட்ரஜன் சல்பைடு உண்டாக்கிக் குழாய்களை அரிக்கும். உயிரிக்கொல்லி போடுவதே இதற்குப் பயந்துதான். ஒரே பாக்டீரியா கிணற்றுக்குள் எதிரி, தொட்டிக்குள் வேலையாள்.

இன்று அமெரிக்காவில் இந்த நீர் எங்கே போகிறது?

பென்சில்வேனியாவில் பெரும்பகுதி அடுத்த கிணற்றை விரிசல் விடவே மறுபடியும் பயன்படுகிறது. அதற்கு உப்பை முழுக்க நீக்க வேண்டியதில்லை. மீதி, கழிவை இறக்கவே உள்ள ஆழமான கிணறுகள் வழியாக நிலத்துக்குள் செலுத்தப்படுகிறது. ஓஹையோவின் யங்ஸ்டவுன் நகரில் அப்படிச் செலுத்தியது நிலநடுக்கங்களைத் தூண்டியது. 2011 டிசம்பர் 31 அன்று ஏற்பட்டது சுமார் 4 ரிக்டர். புதிய கிணறுகள் தோண்டுவது குறையும்போது மறுபயன்பாடும் குறையும், பழைய கிணறுகளோ நீரைத் தந்துகொண்டே இருக்கும்.

காவிரிப் படுகைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மன்னார்குடி வட்டாரத்தில் முன்மொழியப்பட்ட மீத்தேன் திட்டம் நிலக்கரிப் படுகை மீத்தேன். அது ஷேல் அல்ல. அப்படிப்பட்ட கிணறுகளில் நீரை வெளியேற்றினால்தான் வாயு வரும், பொதுவாக அந்த நீரின் உப்பும் மார்செல்லஸ் அளவுக்கு இருக்காது. நெடுவாசல் திட்டமும் ஷேலுக்கானதல்ல. 2020இல் தமிழ்நாடு அரசு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எரிவாயு இரண்டையும் பெயர் சொல்லியே டெல்டாவில் தடுக்கிறது.

நம்மூரில் இதைப் புரிந்துகொள்ளும் அனுபவம் யாருக்காவது உண்டா?

திருப்பூர்க்காரர்களுக்கு உண்டு. சாயக்கழிவை உயிரித்தொட்டியில் விட்டு நிறமும் கரிமமும் குறைந்த பிறகும், உப்பு அப்படியே நொய்யலுக்குப் போனதுதான் அந்த ஆற்றின் கதை. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகு, உயிரித்தொட்டி, ஆர்ஓ, ஆவியாக்கி என்ற வரிசையே அங்கே வழக்கமாயிற்று. கடைசியில் நிற்கும் கலப்பு உப்பை மூட்டை கட்டிக் கொட்டகைகளில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தவர்களிடம் பேசிப் பாருங்கள். உப்பு எங்கும் போகாது என்பதை அவர்கள் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்.